ஈராயிரம் ஆண்டுக் கொட்டையும் முட்டாள் நாற்றும்

பனங்கிழங்கு தின்றிராத தமிழர் குறைவு. அது உண்மையில் கிழங்கு அன்று என்று எண்ணிப் பார்த்தவர் அதனினும் குறைவு. பனங்கொட்டைகளை மண்ணில் பரப்பி ஈரமாக வைத்திருந்தால், ஒவ்வொரு கொட்டையிலிருந்தும் குழாய் போன்ற ஓர் உறுப்பு வெளிப்பட்டு நேரே கீழ்நோக்கி இறங்குகிறது. அது வித்திலையின் காம்பு. முளையைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் சென்று, அங்கே அதை இறக்கி வைக்கிறது. அவ்விடத்தில் இளஞ்செடி மாவுப்பொருளைச் சேர்த்துத் தடிக்கிறது. நாம் வேகவைத்துத் தின்பது இந்த இளஞ்செடியைத்தான். அதைப் பிளந்தால் நடுவே கிடைக்கும் பீலி, வெளிவர இருந்த இலை. வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிப் பஞ்சுபோல் பருத்து, அங்குள்ள கெட்டியான தசையைக் கரைத்து உறிஞ்சுகிறது. கொட்டையை வெட்டிச் சிறுவர்கள் எடுத்துத் தின்னும் தவின் இதுவே. முளைவிட்ட தேங்காய்க்குள் நாம் காணும் பூவும் இதே உறுப்புத்தான்.

பனைக் குடும்பத்து மரங்களில் முளைப்பு, சிற்சில வேறுபாடுகளுடன், இவ்வாறே நிகழ்கிறது. அக்குடும்பத்தில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு குறையும் உண்டு. அது தாமதம். ஒரே நாளில் ஒரே பாத்தியில் நட்ட கொட்டைகளுள் ஒன்று சில வாரங்களில் முளைக்கும்; மற்றொன்று பல மாதங்கள் கழித்து முளைக்கும்; ஓராண்டுக்கு மேல் கிடந்து முளைக்கும் இனங்களும் உள்ளன. காரணம் புரியாததன்று. கொட்டையின் பெரும்பகுதி கல் போன்ற முளைசூழ்தசை. அதன் ஓரத்தில் ஒரு சிறு குழிக்குள் முளைக்கரு அடங்கியிருக்கிறது. நாம் நுங்காக உண்ணும் அதே மென்மையான தசைதான் முற்றிய பின் கல்லாகிறது. அதன் சுவர்களில் மன்னான் என்னும் சர்க்கரைத் தொடர்ப்பொருள் அடுக்கடுக்காகப் படிவதே இக்கடினத்திற்குக் காரணம். தென்னமெரிக்கப் பனை ஒன்றின் கொட்டையைத் தந்தத்திற்கு மாற்றாகக் கடைந்து சட்டைப் பொத்தான் செய்தார்கள் என்றால் அதன் கடினத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க மனிதர் பல வழிகளை முயன்றனர். நீரில் ஊறவைத்தனர், ஓட்டை அராவினர், சூடேற்றினர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, தாவர ஹார்மோன்களையும் இளநீர், கடற்பாசிச் சாறு போன்ற இயற்கைப் பொருள்களையும் பயன்படுத்தலாயினர். இம்முயற்சிகளுள் உலகெங்கும் செய்தியானது ஒன்று உண்டு. அதில் முளைத்தது ஒரே ஒரு கொட்டை. ஆனால் அதன் வயது ஏறத்தாழ 2000 ஆண்டு.

சாக்கடலின் மேற்கே, பாலைவனத்தில் தனித்து நிற்கும் மலைக்கோட்டை மசாடா. ஏரோது மன்னன் அதன் உச்சியில் அரண்மனைகள் கட்டியிருந்தான். கி.பி. 73 அல்லது 74-இல் அது உரோமானியரிடம் வீழ்ந்தது. 1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் தலைமையில் அங்கு நடந்த அகழாய்வில், வேறு பல பொருள்களுடன் பேரீச்சங்கொட்டைகளும் கிடைத்தன. பண்டைய யூதேயாவின் பேரீச்சை உரோமாபுரிவரை புகழ் பெற்றிருந்தது. மூத்த பிளினி அதைப் பற்றி எழுதியுள்ளார். இடைக்காலத்தில் அத்தோப்புகள் அழிந்துபோயின. அகழ்ந்தெடுத்த கொட்டைகள் நாற்பது ஆண்டுகள் சாதாரண அறை வெப்பநிலையில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. எருசலேமில் மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த சாரா சாலன் அவற்றுள் சிலவற்றைக் கேட்டுப் பெற்றார். மூன்று கொட்டைகள் தெற்கே கெதூரா என்னும் கூட்டுப்பண்ணையில் இருந்த எலேய்ன் சோலோவேயிடம் சென்றன. அவர் அவற்றை வெந்நீரில் ஊறவைத்தார். பின் ஜிப்பரெல்லிக் அமிலத்தில் ஊறவைத்தார். இறுதியாகக் கடற்பாசியிலிருந்து செய்த நொதி உரக் கரைசலில் இட்டார். 2005 சனவரியில் தொட்டியில் நட்டார். எட்டு வாரங்களில் ஒன்று முளைத்தது. விவிலியத்தில் மிக நீண்ட காலம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்தூசலாவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

ஹார்மோன் ஒன்று ஈராயிரம் ஆண்டு உறக்கத்தைக் கலைத்துவிட்டது என்று இச்செய்தியைப் படித்தவர் பலர் எண்ணினர். அவ்வாறு எண்ணலாமா? இதற்கு விடை காண, அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதன் கதை பனையில் தொடங்கவில்லை, நெல்வயலில் தொடங்குகிறது.

முட்டாள் நாற்று

ஜப்பானிய உழவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒரு நெல் நோய் உண்டு. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக, வெளிறி, மெலிந்து வளரும். பார்த்தவுடன் நல்ல வளர்ச்சி போலத் தோன்றும். பின்னர் அவை சாய்ந்துவிடும். பிழைத்தாலும் மணி பிடிக்காது. இதற்கு அவர்கள் 'பக்கானே' என்று பெயரிட்டனர். 'முட்டாள் நாற்று' என்பது அதன் பொருள். 1898-இல் ஷோதாரோ ஹோரி இந்நோய்க்கு ஒரு பூசணமே காரணம் என்று காட்டினார்.

பூசணம் நாற்றை அரித்துத் தின்று நோயுண்டாக்கினால் நாற்று குட்டையாக அல்லவா ஆக வேண்டும்? ஏன் உயர்கிறது? அப்போது ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா 1926-இல் ஓர் எளிய சோதனை செய்தார். பூசணத்தை ஊட்டக் கரைசலில் வளர்த்தார். பின் கரைசலை வடிகட்டி, பூசணம் சிறிதும் இல்லாத வடிநீரை மட்டும் நெல் நாற்றுகளுக்குத் தந்தார். நாற்றுகள் முன்போலவே நெடுநெடுவென வளர்ந்தன. ஆகவே நீட்டியது பூசணமன்று. அது சுரந்த ஒரு பொருள். இவ்வாறு பிரித்தறியும் சோதனையின் அருமையை நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

அப்பொருளுக்கு 1935-இல் தெய்ஜிரோ யபுதா, பூசணத்தின் பெயரையொட்டி 'ஜிப்பரெல்லின்' என்று பெயரிட்டார். 1938-இல் அவரும் சுமிகியும் அதைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தனர். இடையில் போர் வந்தது. மேலை நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதில் முனைப்புக் காட்டியது போருக்குப் பின்னரே. 1954-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கர்டிஸ், கிராஸ் என்போர் தூய பொருள் ஒன்றைப் பெற்று 'ஜிப்பரெல்லிக் அமிலம்' என்றனர். நோயுண்டாக்கும் பூசணத்தின் நஞ்சு என்று கருதப்பட்டது, நலமான செடிகளும் தமக்குள் உண்டாக்கிக்கொள்ளும் பொருள் என்பது 1958-இல் அவரை விதைகளிலிருந்து மாக்மில்லனும் சூட்டரும் ஒரு ஜிப்பரெல்லினைப் பிரித்தெடுத்தபோது உறுதியாயிற்று. இன்று 130-க்கும் மேற்பட்ட ஜிப்பரெல்லின்கள் கண்டறியப்பட்டுள்ளன. எல்லாம் செயல்திறன் உடையவை அல்ல.

விதைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு விரைவிலேயே தெரிந்தது. சில லெட்டுஸ் கீரை விதைகள் ஒளி பட்டால்தான் முளைக்கும். ஜிப்பரெல்லினில் ஊறியவை இருட்டிலும் முளைப்பதை 1957-இல் அமெரிக்காவில் கண்டனர். 1960-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும், ஒருவரையொருவர் சாராமல், வாற்கோதுமை மணியில் அதன் வேலையைக் கண்டறிந்தனர். ஈரமான மணியில் முளைக்கரு ஜிப்பரெல்லினை அனுப்புகிறது; தசையைச் சூழ்ந்த மெல்லிய அலுரோன் படலம் அதைப் பெற்று அமைலேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது; நொதி மாவைச் சர்க்கரையாக்குகிறது. முளைக்கருவை வெட்டி நீக்கிய அரை மணிக்கு ஒரு துளி ஜிப்பரெல்லினைத் தந்தாலும் போதும், மாவு கரையும். பாடநூல்கள் விரும்பி எடுத்தாளும் சோதனை இது. இதற்கு எதிரான பிரேக்கும் 1960-களில் கிடைத்தது. அதுவே அப்சிசிக் அமிலம். விதை உறங்குவதும் விழிப்பதும் இவ்விரண்டின் விகிதத்தைப் பெரிதும் பொறுத்தவை.

வாற்கோதுமையில் கண்டதை அப்படியே பனைக்குப் பொருத்திவிடும் ஆசை எளிதில் எழும். அங்கேதான் கவனம் வேண்டும். பேரீச்சங்கொட்டையில் இருப்பு மாவன்று, மன்னான். வாற்கோதுமையில் உள்ளது போன்ற அலுரோன் படலமும் அதில் இல்லை. தசை கரைவது, முளை வெளியே வந்தபின், பருத்து வரும் உறிஞ்சுறுப்பை ஒட்டிய இடத்திலிருந்து தொடங்குகிறது. எனவே பனையில் முதல் சிக்கல் உணவைக் கரைப்பதன்று. குழிக்குள் இருக்கும் சிறு முளைக்கரு, தன்னை மூடியுள்ள குமிழை உந்தித் தள்ளி வெளியே வருவதே முதல் சிக்கல். ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்ணுக்கு இது அழுத்தத்திற்கும் தடைக்கும் நடக்கும் போட்டி. ஜிப்பரெல்லின் உதவுமானால், முளைக்கருவின் உந்துவிசையைக் கூட்டியோ மூடியின் உறுதியைக் குறைத்தோதான் உதவ வேண்டும்.

இளநீர் தந்த துப்பு

பனைக் குடும்பம் ஹார்மோன் ஆராய்ச்சியிடமிருந்து பெற்றது மட்டுமன்று. அதற்குக் கொடுத்ததும் உண்டு. 1941-இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் அவருடன் உழைத்தவர்களும் ஊமத்தையின் மிக இளம் முளைக்கருக்களைத் தனியே எடுத்துக் குப்பியில் வளர்க்க முயன்றனர். சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் தந்தும் அவை வளரவில்லை. தேங்காய் நீரைச் சேர்த்தபோது வளர்ந்தன. (அவர்கள் அதைத் தேங்காய்ப் பால் என்றே எழுதினர், நம் சமையலறைப் பால் வேறு.) சிந்தித்தால் இதில் வியப்பில்லை. அந்த நீர், தென்னை தன் குழந்தைக்கென்று வைத்த திரவ முளைசூழ்தசை அல்லவா! சில ஆண்டுகளில் ஸ்டூவர்ட் குழுவினர் காரட் வேரின் முதிர்ந்த திசுவையும் அதே நீரால் மீண்டும் வளரச் செய்தனர்.

நீரில் உள்ள ஊக்கி எது என்ற தேடல் நீண்டது. 1955-இல் ஸ்கூக், மில்லர் ஆகியோர் செல் பிரிவைத் தூண்டும் கைனட்டினைக் கண்டனர். அது கிடைத்தது தேங்காயிலிருந்து அன்று, ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.யிலிருந்து! 1963-இல் லெத்தம் மக்காச்சோளத்திலிருந்து சியேட்டினைப் பிரித்தார். அதன் நெருங்கிய உறவான பொருள் தேங்காய் நீரிலும் இருப்பதை 1974-இல் அவர் காட்டினார். இவ்வகைப் பொருள்களுக்கு சைட்டோகைனின் என்று பெயர். கடற்பாசிச் சாற்றிலும் சிறிய அளவில் இவை உள்ளன. ஆகவே இளநீரிலும் பாசிச் சாற்றிலும் விதையை ஊறவைக்கும் வழக்கம் மூடநம்பிக்கை அன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ஊமத்தையின் கரு மேலுறை ஏதுமின்றிக் குப்பியில் கிடந்தது. கல் போன்ற கொட்டைக்குள் அடைபட்ட கருவை ஊறல் நீரின் ஹார்மோன் எந்த அளவு எட்டும் என்பது வேறு கேள்வி. இளநீரில் சர்க்கரையும் இருப்பதால் கரு விழிக்குமுன் பூசணம் விழித்துக்கொள்ளும் இடையூறும் உண்டு.

சூடும் காற்றும்

பனைக் கொட்டையின் உறக்கத்தைப் பற்றிப் பொறுமையாகவும் ஒழுங்காகவும் நடந்த ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப் பனையைப் பற்றியது. மலேசியத் தமிழர் செம்பனை என்று அழைக்கும் மரம் இதுவே. தோட்டம் போடுபவருக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரே வயதில் வேண்டும். கொட்டையோ தன் விருப்பம்போல் ஆங்காங்கே ஒன்றாக முளைக்கிறது. 1958-இல் ஹஸ்ஸி என்பவரும், 1962-இல் ரீஸ் என்பவரும் இதைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை.

அவர்களுக்கு முன்னின்ற வினா இது: உறங்குவது கருவா, அல்லது அதை அடைத்து வைத்திருக்கும் உறைகளா? கருவைக் கொட்டையிலிருந்து பிரித்துத் தகுந்த ஊட்டத்தில் வைத்தால் தாமதமின்றி வளர்கிறது. கருவின் வாயிலை மூடியிருக்கும் குமிழை நீக்கினாலும் முளைப்பு விரைகிறது. ஆக்சிஜன் மிகுதியாகக் கிடைத்தாலும் அவ்வாறே. எனவே கரு விழிப்பாகத்தான் இருக்கிறது, வாயில்தான் அடைபட்டிருக்கிறது. வாயிலைத் திறக்க நடைமுறையில் கண்ட திறவுகோல் வெப்பம். கொட்டையின் ஈரத்தைச் சுமார் 18 சதவீதமாக வைத்து, 39 அல்லது 40° செ. வெப்பநிலையில் ஏறத்தாழ 80 நாள் வைக்கின்றனர். பின் நீரில் ஊறவைத்து ஈரத்தைக் கூட்டிச் சாதாரண வெப்பநிலைக்குக் கொண்டுவருகின்றனர். சில வாரங்களில் பெரும்பாலான கொட்டைகள் கூட்டமாக முளைக்கின்றன. இதில் சிறு நுட்பம் உண்டு. சூடேற்றும்போது ஈரம் போதாது. ஆகவே முளை வராது. ஈரம் போதுமானபோது சூடு இல்லை. சூட்டின் வேலை முளைக்க வைப்பதன்று, முளைக்கத் தகுதியாக்குவது. உலகின் செம்பனைத் தோட்டங்களில் கோடிக்கணக்கான கன்றுகள் இம்முறையில் வந்தவை. ஹார்மோன்களும் இக்கொட்டையில் சோதிக்கப்பட்டன. எனினும் விதை உற்பத்தியில் சூட்டின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளவில்லை.

அழகுக்காக வளர்க்கும் பனைகளில் நிலைமை சற்று வேறு. 1980-இல் ஹவாயில் நாகாவோவும் உடனுழைத்தோரும், ஜிப்பரெல்லிக் அமிலம், ஓட்டை அராவுதல், பாத்தியின் அடியிலிருந்து வெப்பம் தருதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இவற்றால் முளைப்பை விரைவுபடுத்தலாம் என்று காட்டினர். ஆனால் இந்த அமிலத்தைப் பனை விதைகளுக்குப் பயன்படுத்துவது பற்றித் தோட்டக்கலை வல்லுநர் எச்சரிக்கையுடனேயே பேசுகின்றனர். அளவு மிஞ்சினால் முளைத்த கன்று நெடுநெடுவென்று வளர்ந்து, தன் எடையைத் தாங்க மாட்டாமல் சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல்வயலின் முட்டாள் நாற்று, பனங்கன்றின் உருவில் மீண்டும் வருகிறது! மருந்தும் நோயும் ஒரே மூலக்கூறு. வேறுபாடு அளவில் மட்டுமே.

கொட்டையின் வயது

இப்போது மசாடாவுக்குத் திரும்புவோம். முதலில், அந்தக் கொட்டை உண்மையிலேயே பழையதா? இந்த ஐயம் இயல்பானது. 19-ஆம் நூற்றாண்டில் எகிப்தியக் கல்லறைக் கோதுமை முளைத்தது என்ற கதைகள் இங்கிலாந்தில் ஏராளமாக உலவின. உண்மையான கல்லறைக் கோதுமையைச் சோதித்தபோது ஒன்றும் முளைக்கவில்லை.

மெத்தூசலாவின் வயதை அறிய, முளைத்த கொட்டையை எரிக்க வேண்டியிருக்கவில்லை. நட்டுப் 15 மாதங்கள் கழித்துக் கன்றை வேறு தொட்டிக்கு மாற்றியபோது, வேரில் ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்குகள் கிடைத்தன. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களைத் தொடர்ந்து பெறுகிறது. பழம் பழுத்துக் கொட்டை முற்றியதும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பது மட்டும் சிதைகிறது. அரை ஆயுள் 5730 ஆண்டு. எனவே 2000 ஆண்டுப் பொருளில் முதலில் இருந்த கார்பன்-14இல் ஏறத்தாழ 78 சதவீதம் எஞ்சியிருக்க வேண்டும். சூரிச்சில் அளந்தபோது ஓட்டுத் துணுக்கின் வயது, உடனிருந்த முளைக்காத கொட்டைகளின் வயதைவிடச் சில நூற்றாண்டுகள் குறைவாக வந்தது. ஏன்? முளைத்து வேர்விட்ட 15 மாதங்களில் இக்காலக் கார்பன் சிறிதளவு ஓட்டில் கலந்திருந்தது. அதைக் கழித்துக் கணக்கிட்டபோது வயதுகள் பொருந்தின. 2008-இல் இம்முடிவு வெளிவந்தது. என் மாணவர்களுக்குக் கார்பன் கணிப்பை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பிழை எத்திசையில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அதே திசையில் வருகிறது.

வயது மெய். அடுத்தது, அவ்வளவு காலம் கரு எப்படி உயிரோடிருந்தது என்பது. இங்கு ஹார்மோனுக்கு வேலையே இல்லை. விதைச் சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று வழங்குகிறது. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இருமடங்காகும். வெப்பநிலை 5° செ. குறைந்தாலும் இருமடங்காகும். இது ஒரு வரம்புக்குள் மட்டும் செல்லும் தோராய விதி. இருந்தும் போக்கைக் காட்டுகிறது. சாக்கடல் கரையில் வெப்பம் மிகுதி. ஆனால் மழை மிக அரிது. வெப்பம் எடுத்ததை வறட்சி பன்மடங்காகத் திருப்பித் தந்தது எனலாம். நீர் வற்றிய செல்லின் உட்பொருள் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. மூலக்கூறுகள் நகர்வதற்கே திணறும் அந்த நிலையில் வேதிமாற்றங்கள் மிக மெதுவாகவே நடக்கின்றன. பனைக் குடும்பம் முழுவதற்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காயை அவ்வாறு காயவைத்தால் அதன் கரு இறந்துவிடும். பாலைவனச் சோலையின் மரமான பேரீச்சை மட்டுமே காய்வதைத் தாங்கும் கொட்டையைப் படைத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தாங்குவனவற்றுள் அது தலைசிறந்தது.

ஹார்மோன் கரைசல் முளைப்புக்கு எந்த அளவு உதவியது என்பதே எஞ்சும் வினா. 2020-இல் சாலன் குழுவினர் வெளியிட்ட இரண்டாம் ஆய்வு இதற்குச் சில விவரங்கள் தருகிறது. மசாடா, கும்ரான், யூதேயப் பாலைவனக் குகைகள் ஆகிய இடங்களிலிருந்து நல்ல தோற்றமுள்ள 34 கொட்டைகளைத் தேர்ந்தனர். அவற்றுள் ஒன்று ஒப்பீட்டுக்காக நடப்படாமல் வைக்கப்பட்டது; மற்றொன்று சேதமுற்றிருந்தது; எஞ்சிய 32 நடப்பட்டன. முதலில் 24 மணி நேரம் நீரில். பின் 6 மணி நேரம் ஜிப்பரெல்லிக் அமிலத்தில். பின் 6 மணி நேரம் வேர் ஊக்கிக் கரைசலில். இறுதியாக 12 மணி நேரம் இயற்கை உரக் கரைசலில். எல்லாம் 35° செ. வெப்பநிலையில். ஆறு முளைத்தன. ஆதாம், யோனா, ஊரியேல், போவாஸ், யூதித், ஹன்னா என்று அவற்றுக்குப் பெயர். அக்கொட்டைகளின் வயது கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது.

நடப்பட்ட 32-உம் ஊக்கி பெற்றவை. வெறும் நீரில் ஊறி நடப்பட்ட பழங்கொட்டை ஒன்றுகூட இல்லை. குரோசாவா பூசணத்தையும் அதன் வடிநீரையும் பிரித்ததுபோல், நீரையும் ஹார்மோனையும் இங்கு யாரும் பிரிக்கவில்லை. ஆகவே ஹார்மோன்தான் எழுப்பியது என்று சொல்ல ஆதாரமில்லை; அது பயனற்றது என்று சொல்லவும் ஆதாரமில்லை. இன்றைய பேரீச்சங்கொட்டை, ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் ஊக்கி ஏதுமின்றியே முளைக்கும் இயல்புடையது. சீனாவின் வடகிழக்கில் வறண்ட ஏரிப்படுகையிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 1300 ஆண்டுத் தாமரை விதை, ஓட்டை அராவி நீரில் இட்டதும் முளைத்தது. அதற்கு ஹார்மோன் தேவைப்படவில்லை. மறுபுறம், முதுமையால் சோர்ந்த கரு தனக்கு வேண்டிய ஜிப்பரெல்லினைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாமல் இருக்கலாம். அப்போது வெளியிலிருந்து வரும் உதவி முளைப்புக்கும் சாவுக்கும் இடையே நிற்கலாம் என்ற வாதமும் நியாயமானதே.

சாலனையும் சோலோவேயையும் இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 32 கொட்டைகளை இரண்டாகப் பிரித்து 16-ஐ நீரில் மட்டும் ஊறவைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2 என்று முளைத்திருந்தால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. அத்தகைய முடிவுக்காக, திரும்பக் கிடைக்காத 16 கொட்டைகளுக்குத் தரக்கூடிய உதவியைத் தராமல் விடுவதா? அவர்கள் தேடியது ஹார்மோனின் திறனை அன்று, மரத்தை. மரம் கிடைத்தது. ஹார்மோனின் திறனை அறிய வேண்டியவர்கள், செம்பனையிலும் ஹவாய்ப் பனைகளிலும் செய்ததுபோல, எண்ணிக்கையில் குறைவில்லாத கொட்டைகளை எடுத்து, ஊறியதையும் ஊறாததையும் அருகருகே நட்டுப் பார்க்க வேண்டும். பழங்கொட்டையின் புகழை விளம்பரமாகக் காட்டி ஊக்கி விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்: ஊறாத பாத்தி எங்கே?

மெத்தூசலாவின் முதல் இலைகளில் வெண்திட்டுகள் இருந்தன. பின் வந்தவை நன்றாகவே இருந்தன. 2011-இல் அது பூத்தது. ஆண் மரம் என்று தெரிந்தது. பேரீச்சையில் ஆண் வேறு, பெண் வேறு ஆதலால், அது தனியே காய்க்க வழியில்லை. இரண்டாம் ஆய்வில் முளைத்த ஆறனுள் யூதித்தும் ஹன்னாவும் பெண் மரங்கள். 2020-இல் மெத்தூசலாவின் மகரந்தத்தை எடுத்து ஹன்னாவின் பூக்களில் சேர்த்தனர். அவ்வாண்டே பழங்கள் அறுவடையாயின. எண்ணிப் பார்த்தபோது 111 இருந்தன.